மூணு பேர்ல ரெண்டு பேர்

இல்லண்ணே, இடது பக்கம் திருப்பாதீங்க. நேராப் போங்க. தெரியும்ணே, என் ஸ்டாப்பு இடது பக்கம்தான். வேன்ல நான் ஒருத்திதானே மிச்சம், யாருக்கும் லேட்டாகப் போறதில்ல. அந்தப் பெட்ரோல் பங்க்கைச் சுத்திக்கிட்டுப் போங்க. என் ஸ்டாப்புல இறங்கப் பயமா இருக்கு. சொல்றேன், சொல்றேன். கோர்வையா வரமாட்டேங்குது. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசுறேன்.

என்ன சிரிப்பு? மைக்குக்கே பயமான்னா? ஆமா, ஆபீஸ்ல எனக்கு வெச்ச பேரு அதான், மைக்கு. பாத்ரூம் போறதுக்கும் கம்ப்யூட்டர்ல அனுமதி கேக்கணும்னு சட்டம் போட்டாங்களே, அன்னைக்கு மேனேஜர் ரூம் வாசல்ல மொத்தப் பேரையும் உக்கார வெச்சவ நான். நோட்டீஸ் எழுதினதும் நான்தான். மூத்திரத்துக்கு மனுவா, மானம் முதலாளி வீட்டுச் சொத்தான்னு. உங்க டிரைவருங்க ரூமுக்கு ஃபேன் வந்துச்சே, அது எந்த மகராசி போட்ட சத்தத்துல வந்துச்சு? ஆங். ஆம்பளைங்களைத்தான் சொல்லுவாங்க, வெளியில புலி வீட்டுல எலின்னு. பொம்பளையிலயும் அந்த ஜாதி உண்டுண்ணே.

என்ன வேலையா? இத்தனை நாளா ஏத்தி இறக்கிட்டு இப்பக் கேக்கறீங்க பாருங்க. போன்ல பேசுற வேலை இல்ல, கேக்குற வேலை. ஒரு மெஷினுக்குக் காது வைக்கிற வேலை. காது குத்துற வேலைன்னும் சொல்லலாம்.

ஆபத்துல இருக்கிற பொம்பளைங்க கூப்பிடுறதுக்கு ஒரு நம்பர் இருக்குல்ல? அங்க எடுத்துப் பேச ஆளு கம்மி, அழறவங்க ஜாஸ்தி. அதனால முதல்ல மெஷின் கேக்குது. இவ நிசமாவே பயத்துல இருக்கா, முன்னாடி தள்ளு. இவ சும்மா, இருக்கட்டும் மெதுவா. அதுக்கு எப்படித் தெரியும்? நாங்கதான் சொல்லிக் குடுக்கறோம். வந்த போன் காலையெல்லாம் துண்டு துண்டா வெட்டி எங்க காதுல விடுவாங்க. பேரு ஊரு எதுவும் இருக்காது, குரல் மட்டும்தான். கேட்டுட்டு பட்டனை அழுத்தணும். பயம், கோபம், விளையாட்டு, சாதாரணம். ஒரே துண்டை மூணு பேர் தனித்தனியாக் கேப்போம். மூணு பேர்ல ரெண்டு பேர் என்ன சொல்றாங்களோ அதான் உண்மை. மூணாவது ஆளுக்கு ஸ்க்ரீன்ல சிவப்பு விழும். சிவப்பு சேர்ந்துச்சுன்னா நாளைக்கு வராதேன்னுடுவாங்க. இப்படி லட்சக்கணக்குல துண்டைத் தின்னு தின்னு அது நம்ம பாஷையைப் படிச்சுக்குது.

ஆரம்பத்துல ஒரே கூத்துண்ணே. ஒரு தாய் மகனைப் பாத்து, ஏன்டா என் உயிரை எடுக்கறேன்னு கத்துறா. மெஷின் அலறிடுச்சு, கொலை நடக்குது, முதல் வரிசையில போடுன்னு. இன்னொருத்தி, என் மருமக என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டாங்கறா. அதுக்கு மண்டை உடைஞ்ச கேஸுன்னு முத்திரை. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். ஒருத்தி, கம்பெனியை மூடி எங்க வயித்துல அடிச்சுட்டாங்கன்னு அழுதா, அதையும் அடிதடிலதான் சேத்துச்சு. அதைத் திருத்துன்னாங்க, நான் திருத்தமாட்டேன்னுட்டேன். மெஷின் சரியாச் சொன்னது அது ஒண்ணுதான். வயித்துல அடிச்சா அது அடி இல்லையா?

அப்புறம் திருத்தித் திருத்தி அதுக்குப் புத்தி வந்துச்சு. கத்துனா பாசம், திட்டுனா குடும்பம்னு தெளிஞ்சுடுச்சு. அதுவரைக்கும் சரி. ஆனா, மெதுவாப் பேசுனா நிம்மதி, மரியாதையாப் பேசுனா சந்தோஷம்னு அதுவும் சேந்தே படிச்சுடுச்சு. அங்கதாண்ணே எனக்கும் அதுக்கும் சண்டை.

இந்த ‘ங்க’ இருக்கு பாருங்க. வாங்க, போங்க, இல்லீங்க. மெஷினுக்கு அது மரியாதை. எங்க டீம் லீடர், ஆமாஞ்சாமின்னு நாங்க கூப்பிடுவோம், அவனுக்கும் மரியாதைதான். பெண்டாட்டி புருஷனை இவ்வளவு மரியாதையாப் பேசுறாளே, இதுல என்ன மேடம் பயம்னு கேக்கறான். நான் சொன்னேன், தம்பி, ஒரு ‘ங்க’ போட்டா மரியாதை. ஒரே மூச்சுல வார்த்தைக்கு வார்த்தை போட்டா, அது முழங்கால் நடுங்குற சத்தம். அவன் சிரிச்சுட்டுப் போயிட்டான். அந்த மாதிரித் துண்டு வந்தா நான் பயம்னுதான் அழுத்துவேன். மத்த ரெண்டு பேரும் சாதாரணம்பாங்க. எனக்குச் சிவப்பு. சங்கத்துல கை தூக்கி ஓட்டெடுக்கலாம், வேலைநிறுத்தம் பண்ணலாமா வேணாமான்னு. ஒருத்தி பயப்படுறாளா இல்லையான்னு ஓட்டெடுக்க முடியுமாண்ணே? அதை அவளைத்தானே கேக்கணும்? அவதான் வாயைத் திறக்க முடியாம நிக்கிறாளே.

ஏன்ணே திருப்புறீங்க? பாலத்துல ரோட்டை அடைச்சுட்டாங்களா? வேற வழியே இல்லையா? சரி, வந்த வழியே போங்க, என் ஸ்டாப்பு முக்கு வரும், அங்க மட்டும் நிறுத்தாதீங்க. சிக்னல் தாண்டி அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு இறங்குனாளே, அவ வீட்டுல விட்டுடுங்க. அவகிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல. கதவைத் தட்டுனா திறப்பா.

மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு உக்காந்தேனா, ஒரு துண்டு வந்துச்சு. புதுசா வர்ற போன் காலுலயும் கொஞ்சம் எங்களுக்கு அனுப்புவாங்க, மெஷின் சரியாப் பிரிச்சிருக்கான்னு பாக்க. ஆரம்பத்துல தண்ணி விழுற சத்தம். அது நிக்குது. ஒரு ஆம்பளைக் குரல், அப்படியே பஞ்சு மாதிரி. சாப்பிட்டியாம்மா, யார்கிட்ட பேசிட்டு இருக்கேன்னு. அதட்டலே இல்ல. அதுக்கு அந்தப் பொம்பளை, யாருமில்லீங்க, ராங் நம்பருங்க, இதோ வந்துட்டேங்க. அவ்வளவுதான், லைன் கட். மெஷின் சாதாரணம்னு போட்டு வெச்சிருக்கு. எனக்கு முன்னாடி கேட்ட ரெண்டு பேரும் சாதாரணம். அதுல ஒரு புண்ணியவதி பக்கத்துல குறிப்பு வேற எழுதியிருக்கா, குடுத்து வெச்ச மகராசின்னு.

யாருன்னு தெரிஞ்சுதாவா? ஆம்பளைக் குரல் உடனே தெரிஞ்சுது. இந்த ஊர்ல அப்படி இனிக்க இனிக்கப் பேசுறவர் ஒருத்தர்தான். அந்தப் பொம்பளைதான் யாருன்னு பிடிபடல. நம்ம குரல் நமக்கு ஹெட்போன்ல கேட்டா வேற யாரோ மாதிரி இருக்குமாம்ணே. திரும்பத் திரும்பப் போட்டேன். யாருடி நீ, இப்படிக் குழையறேன்னு அவ மேல கோபம்கூட வந்துச்சு. அந்த மூணாவது ‘ங்க’லதான் கண்டுபிடிச்சேன்.

முந்தாநாள் எங்க வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரம் பாத்து அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். வெளியில வந்துட்டாரு.

பயம்னுதான் அழுத்துனேன். வேறென்ன அழுத்துறது? சிவப்பு விழுந்துச்சு. ரெண்டுக்கு ஒண்ணு. நான் பயப்படலன்னு தீர்ப்பாயிடுச்சு. என் போனுக்கு யாரும் திருப்பிக் கூப்பிடவும் மாட்டாங்க.

அடிப்பாரான்னா? எங்கன்னு கேக்காதீங்க, வெளியில தெரியற எடத்துல இல்ல. அன்னைக்கு அவர் ஒண்ணுமே பண்ணல, அதான் பயம். இன்னைக்குக் காலையில என் போனை எடுத்து ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிப் பாத்தாரு. திருப்பிக் குடுத்தாரு. சாயங்காலம் உன்னைக் கூட்டிட்டுப் போக நானே ஸ்டாப்புக்கு வரேம்மான்னாரு. கல்யாணமான நாள்லேர்ந்து ஒருநாளும் வந்ததில்லண்ணே.

அதோ நிக்கறாரு. மெடிக்கல் ஷாப் வாசல்ல, நீலச் சட்டை. வேனைப் பாத்துட்டாரு. கையாட்டுறாரு பாருங்க, உங்களுக்கும் சேத்து. ஆமா, நல்ல சிரிச்ச முகம்தான். யாரு பாத்தாலும் பதிலுக்குச் சிரிக்கத்தான் தோணும்.

அண்ணே, நீங்க ஏன் சிரிக்கறீங்க? அண்ணே. வேன் ஏன்ணே மெதுவாகுது?