பின்கதவில் வெட்டாமல் விட்ட கோடு

பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதி வாங்கப்பட்டன. வயது நாற்பத்தொன்று. தொழில், வண்டிகளுக்குப் படம் அச்சடித்த ஸ்டிக்கர் பிலிம் ஒட்டுவது. பட்டறையில் எல்லோரும் என்னைப் 'பசை' என்றுதான் கூப்பிடுவார்கள். வேன்காரம்மா புகாரில் சொல்லியிருக்கும் பசை நான்தான்.

எழுதத் தொடங்கும் முன்பே நான் சொன்னது இது. வாசலில் நிற்கும் பள்ளி வேன் மாதிரியே இன்னொரு வேன் இருக்கிறது. வேன்காரம்மாவின் வீட்டுக்காரர் அதை ஓட்டுகிறார். மூன்றரை மணிக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஏற்றப் போகிறார். அதன் பின்கதவு திறக்காது, முதலில் அதை நிறுத்துங்கள் என்றேன். அதற்கு எழுதும் காவலர், "எல்லாம் வரிசையா வரும்போது சொல்லு. மொதல்ல ஆரம்பத்துலேர்ந்து வா" என்றார். சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி இரண்டு ஐம்பது. ஆகவே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

பட்டறை என் மனைவியின் அண்ணனுடையது. மச்சானும் நானும் இரண்டே பேர். பள்ளி விடுமுறை முடிய ஒரு வாரம் இருக்கும்போது வேன்காரம்மா தன் இரண்டு வேன்களையும் கொண்டுவந்து விட்டார். கடல் படம் வேண்டும், பின்னால் பெரிய திமிங்கிலம் வேண்டும், பிள்ளைகள் தூரத்திலிருந்தே நம் வண்டி என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். அதன்படி படம் அச்சடித்தோம்.

இந்தத் தொழிலில் நல்ல பிலிம், சாதா பிலிம் என்று இரண்டு உண்டு. நல்லது மெல்லியது, சூடு காட்டி இழுத்தால் வளைவிலும் பள்ளத்திலும் போய்ப் படுத்துக்கொள்ளும், பிறகு எழுந்திருக்காது. சாதா தடிமன், தட்டையான இடத்துக்குத்தான் சரிப்படும். வளைவில் இழுத்து ஒட்டினால் அந்த நேரத்துக்கு உட்கார்ந்து, மறுநாள் பழைய அளவுக்கே சுருங்கப் பார்க்கும். ரோஷக்காரப் பிலிம் என்று நாங்கள் கேலி செய்வோம்.

இரண்டு வேனுக்கும் முன்பக்கமும் பக்கவாட்டும் நல்ல பிலிம்தான் ஒட்டினோம். பின்பக்கத்துக்கு வரும்போது ரோல் தீர்ந்துவிட்டது. புது ரோல் வர ஒரு வாரம் ஆகும், பள்ளி திறக்க மூன்று நாள்தான் இருந்தது. மச்சான், "பின்னாடி தட்டைதானே மாப்ள, சாதாவ ஒட்டித் தள்ளு" என்றார். மச்சான் சொன்னார் என்று நான் கழன்றுகொள்ளப் பார்க்கவில்லை. கதவுக் கைப்பிடி இருக்கும் பள்ளத்தில் ஒரு துண்டை ஒட்டிப் பார்த்தவன் நான். மறுநாள் காலையில் அது எழுந்து நின்றதைப் பார்த்தவனும் நான். தெரிந்தேதான் சாதாவை எடுத்தேன். பள்ளத்துக்குள் அழுத்தாமல், கைப்பிடியோடு சேர்த்து மேலாக இழுத்து மூடினேன்.

அதன் பிறகு நடந்ததுதான் என் தப்பு. பிலிமைக் கதவின் மேலும் அதைச் சுற்றியுள்ள தகட்டின் மேலும் ஒரே தாளாக ஒட்டிவிட்டு, கதவு இடுக்கு வழியாகக் கத்தியை ஓட்டி வெட்டுவது எங்கள் வழக்கம். நல்ல பிலிம் என்றால் ஒட்டிய கையோடு வெட்டிவிடலாம். சாதாவை உடனே வெட்டினால் ஓரம் சுருங்கி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பெயின்ட் கோடாகத் தெரியும். அதனால் ஓர் இரவு விட்டு, சுருங்குவதெல்லாம் சுருங்கிய பிறகு காலையில் வெட்டுவேன். முன்கதவுகளையும் பக்கக்கதவையும் அன்றைக்கே வெட்டினேன். பின்கதவை மறுநாளைக்கு வைத்தேன்.

மறுநாள் நான் பட்டறைக்கு வருமுன் மச்சான் இரண்டு வேனையும் கொடுத்தனுப்பிவிட்டார். திமிங்கிலத்தின் வயிறு கதவு இடுக்கின் மேல் பரவியிருந்ததால் கோடே தெரியவில்லை. பின்கைப்பிடி எங்கே என்று வேன்காரம்மாவும் கேட்கவில்லையாம். திமிங்கிலம் சிரிக்கிற மாதிரியே இருக்கிறது என்று மட்டும் சொன்னாராம். அது ஆபத்துக்குத் திறக்கும் கதவு. தினமும் யாரும் தொடுவதில்லை. நானும் அடுத்த வேலையில் மறந்தே போனேன்.

வேன்கள் போய் இன்றோடு எட்டு நாள் ஆகிறது. இன்று பதினொன்றரை மணி போல ஒரு காருக்கு நல்ல பிலிம் ஒட்டி, கதவு இடுக்கில் கத்தியை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. வேன்களின் பின்கதவு நினைவுக்கு வந்தது. பக்கக்கதவு நசுங்கிப்போனாலோ வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தாலோ பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே வழியை நான் ஒட்டி வைத்திருக்கிறேன். உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பலாம், ஆனால் கீல் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் பிலிம் பிடித்திருக்கும். ஒருமுறை பந்தயம் கட்டி மச்சான் அதில் ஒரு துண்டை இரண்டு கையாலும் கிழிக்கப் பார்த்து, முகம் சிவந்ததுதான் மிச்சம். ஐந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

மச்சானிடம் சொன்னேன். "யாருய்யா அந்தக் கதவத் தொறக்கப் போறா? சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார். வேன்காரம்மாவுக்கு ஒன்பது முறை போன் செய்தேன். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாராம். வீட்டுக்காரருடைய எண் என்னிடம் இல்லை. அதன் பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு சின்ன வகுப்பு விடும் நேரத்துக்குப் பள்ளிக்குப் போனேன். வேன் கிளம்பிவிட்டது. இரண்டு தெரு தள்ளி, ஒரு பிள்ளையை இறக்க நின்றபோது பிடித்தேன்.

அந்த இடத்தில் முதலில் வாயைத் திறந்து பேசியிருக்க வேண்டும். கத்தி சட்டைப்பையில் இருந்தது. நேரே பின்பக்கம் போய், இடுக்கை விரலால் தடவிக் கண்டுபிடித்து, இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தேன். பிறகு அடியில் பாதி வெட்டினேன். கண்ணாடி வழியாகப் பிள்ளைகள் பார்த்து அலறினார்கள். நான் உள்ளே பார்த்து, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்றேன். கையில் கத்தியோடு ஓர் ஆள் அப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் நம்பும்? வேன்காரம்மா ஓடிவந்து எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால் என் காதோடு சேர்த்து ஒன்று போட்டார். அதன் பிறகு தெருவில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் அங்கே நின்றிருந்தாலும் அடித்திருப்பேன். அதன் பிறகு இங்கே கொண்டுவரப்பட்டேன். கத்தி ஓர் உறையில் போடப்பட்டு மேசைமேல் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது மணி மூன்று முப்பத்திரண்டு. வரிசை முடிந்துவிட்டது, இனியாவது அந்த வேனை நிறுத்துங்கள் என்று எழுந்து நின்று கேட்டேன். உட்காரச் சொன்னார்கள். எதிர் பெஞ்சில் இருந்த வேன்காரம்மா இதுவரை என் முகத்தையே பார்க்காதவர், அப்போது எழுந்து வெளியே போனார். மற்றப் பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டு வந்த அவர் வேன் வாசலில்தான் நிற்கிறது. உள்ளே ஏறி அவர் பின்கதவைத் தள்ளும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. நான்கு முறை கேட்டது. திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பாதி வெட்டிய கதவே அவருக்கு அசையவில்லை.

உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். "என்னங்க, எங்க இருக்கீங்க?" "ஸ்கூல் கேட் கிட்டதான். புள்ளைங்க ஏறியாச்சு, கெளம்பிட்டேன்." "கெளம்பாதீங்க. வண்டிய நிறுத்துங்க. பின்னாடி போயி அந்தக் கதவத் தொறந்து பாருங்க." "அத எதுக்குடி இப்ப?" "சொல்றதச் செய்யுங்களேன்!" என்று அவர் அழுதுவிட்டார். பிள்ளைகள் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. அதன் பிறகு இடிக்கும் சத்தம். ஒரு பெரிய பையன் நானும் தள்ளுறேன் அங்கிள் என்றான். மறுபடி இடிக்கும் சத்தம். அதன் பிறகு அவர் சின்னக் குரலில், "ஏய், தெறக்கலடி" என்றார்.

இதையும் எழுதவா என்று எழுதும் காவலர் கேட்டார். ஆய்வாளர், எழுது என்றார். பிள்ளைகளைப் பக்கக்கதவு வழியாக இறக்கி நடைபாதையில் நிற்க வைக்கும்படி போனில் சொன்னதும் அவர்தான். இறக்கியாச்சு, இருபத்திரண்டு பேர் என்று பதில் வந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. பயந்தேன், அது நானாகப் பயந்தது. இதில் ஒப்பமிடும் முன்பே, உறையில் போட்டிருந்த கத்தியை ஆய்வாளர் என் கையிலேயே கொடுத்து, ஒப்பமிட்டதும் அந்தக் கதவை வெட்ட ஜீப்பில் ஏறச் சொல்லிவிட்டார்.

(ஒப்பம்)
மணி 3.51