சரசு கேட்காத கேள்வி

"வெளியாளா நான்? சொல்லு, வெளியாளா?"

"அப்படி யாருக்கா சொன்னா? ஒர்க்‌ஷாப்ல ஒரு தடவை காட்டிட்டு..."

"காட்டு. நல்லா காட்டு. செத்துப்போன மனுஷன் ஓட்டின வண்டியை ஊருக்கெல்லாம் தூக்கிக் காட்டு..."

"...வாங்குறவங்க எல்லாரும் செய்றதுதானேக்கா, இதுல என்ன..."

"...அவர் இருந்திருந்தா இப்படிக் கேட்டிருப்பியா நீ?"

"அவர் இருந்திருந்தா விக்கவே மாட்டாரேக்கா!"

பார்த்தீர்களா? இதுதான் சரசு. நான் கஷ்டப்பட்டு ஒரு சண்டையைக் கட்டி எழுப்புவேன், அவள் வந்து மேலே உட்கார்ந்துகொள்வாள்.

சரசு என் ஓரகத்தி. என் கணவர் நடேசனின் தம்பி முத்துராமனைக் கட்டியவள். அவர்கள் வீடு சுவா சூ காங்கில், என் வீடு கிளமெண்டியில். நாங்கள் இருவரும் இந்தக் குடும்பத்துக்கு மருமகள்களாக வந்த காலத்திலிருந்து சண்டை போடுகிறோம். சாம்பாருக்குப் பெருங்காயம் எப்போது போடுவது என்பதிலிருந்து யார் பிள்ளைக்கு யார் மூக்கு என்பதுவரை. எல்லாச் சண்டையிலும் கடைசி வார்த்தை அவளுடையது. எனக்கு வீடு வாசல், நகை நட்டு என்று எந்த ஆசையும் கிடையாது. ஒரே ஒரு தடவை கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சண்டை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில். என் கணவர் இறந்த பிறகு அவருடைய பெரிய வண்டி அங்கே சும்மா நின்றது. மலை ஏறும், ஆறு கடக்கும், தோல் இருக்கை, கூரையில் கண்ணாடி. அது பார்த்த அதிகபட்ச சேறு தேக்கா மார்க்கெட் வாசலில் மீன் கழுவி ஊற்றிய தண்ணீர். முத்துராமனுக்குச் சின்ன வயதிலிருந்தே அண்ணன் வைத்திருப்பதெல்லாம் வேண்டும். வண்டியையும் கேட்டார்.

அந்த வண்டியில் ஒரு குறை இருந்தது. எனக்குத் தெரியும். சரசு கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் பேசுகிறவள் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் காட்டுவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. என் கண் கலங்கியது. அதற்கு எனக்கு வெங்காயம் தேவைப்படாது.

முத்துராமன் பதறிப்போனார். "விடு சரசு. அண்ணி வீட்டு வண்டியை வெளியாளுகிட்ட தூக்கிட்டுப்போய்ச் செக் பண்ணுவாங்களா? நாலு பேருக்குத் தெரிஞ்சா அசிங்கம்."

"அப்போ நானே செக் பண்றேன்," என்றாள் சரசு. "வீடியோ எல்லாம் பார்த்திருக்கேன்."

நன்றாகவே பார்த்தாள், அதைச் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் பழைய வண்டி வாங்குகிற யோசனை உங்களுக்கு இருந்தால் சரசுவைப் போலப் பாருங்கள். காலடி விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தாள். பூஞ்சை வாசனை வந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி.

"தண்ணியில மூழ்கிச்சாக்கா?"

"இல்லை."

எண்ணெய் மூடியைத் திருகி உட்பக்கம் பார்த்தாள். அங்கே பால் காப்பி மாதிரி ஒட்டியிருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் கலக்கிறது. ஒட்டவில்லை. பிறகு முத்துராமனைத் தரையில் படுக்க வைத்தாள். அவர் தமிழ் முரசு பேப்பரை விரித்து, வயிற்றை எக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

"துரு இருக்கா?"

"இருட்டா இருக்கு."

"போன்ல லைட் அடிங்க."

"போன் சட்டைப் பையில இருக்கு. கையை எடுக்க முடியலை."

"வயித்தைக் குறைங்கன்னு சொன்னா கேட்டீங்களா?"

நான் அவ்வளவு சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. கணவர் போன பிறகு வீட்டில் சிரிக்க ஆள் இல்லை.

மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். இந்த வண்டிகள் காற்று நிரப்பிய பைகளின்மேல்தான் நிற்கும். இரவு முழுக்க நின்றால் ஒரு மூலை மட்டும் இறங்கிப்போய்விடக் கூடாது, இறங்கினால் செலவு. நான்கு மூலையும் ராணுவம் மாதிரி நின்றது. மேடு ஏறுவதற்கான கியரைப் போட்டு நிறுத்துமிடத்துச் சரிவில் ஏற்றிப் பார்க்கச் சொன்னாள். ஏறியது. கண்ணாடிகளை ஏற்றி இறக்கினாள். கூரையைத் திறந்து மூடினாள். கடைசியில் சரியான இடத்துக்கு வந்துவிட்டாள்.

"இடிச்ச வண்டியாக்கா இது?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "ஆமா சரசு. ஜோகூர்ல ஒரு லாரி பின்னாடி போய் முட்டிட்டார். அங்கேயே ரிப்பேர் பண்ணினார்."

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். என்ன ரிப்பேர், எந்தப் பாகத்தை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை. ஒரே ஒரு கேள்வி. வாய் வரை பதில் வந்து நின்றது, பிள்ளையார் சத்தியமாக.

"பாத்தீங்களா!" என்று சரசு முத்துராமன் பக்கம் திரும்பினாள். "இடிச்ச வண்டி! இதுக்கா இவ்வளவு விலை சொன்னாங்க?"

அவளுக்கு வேண்டியது வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்வது இல்லை. என்னைப் பிடித்துவிட்டோம் என்பதுதான். நான் விலையைக் குறைத்துக்கொண்டேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவள் கேட்காததை இப்போது சொல்கிறேன். ஜோகூரில் முட்டியபோது முன்பக்கத்து இரண்டு ஏர்பேக்கும் வெடித்தன. முன்சீட்டில் இருந்த எனக்கு ஒரு கீறல் இல்லை. ஒர்க்‌ஷாப்காரர் ஓட்டுநர் பக்கம் புதிது போட்டார். என் பக்கத்துக்குச் சாமான் வர நாளாகும், இப்போதைக்கு மூடி மட்டும் போட்டுத் தருகிறேன் என்றார். எச்சரிக்கை விளக்கு விடாமல் எரியாதபடி ஏதோ ஒரு சின்ன ஒயரையும் செருகினார். ஆகவே சாவியைத் திருப்பினால் விளக்கு ஒழுங்காக எரிந்து, ஒழுங்காக அணையும். ஏர்பேக் இல்லை என்பது வண்டிக்கே தெரியாது. முறையான இடத்தில் காட்டினால் கழற்றிப் பார்த்துச் சொல்வார்கள். நீங்கள் வாங்கும்போது கட்டாயம் காட்டுங்கள். அண்ணி, அக்கா என்று பார்க்காதீர்கள்.

"சாமான் வர்ற வரைக்கும் பின்னாடி உட்காரு லீலா," என்றார் என் கணவர். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். சாமான் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

வண்டியை அவர்கள் பேருக்கு மாற்றியதும் சிராங்கூன் சாலைக் கோயிலில் பூசை. சந்தனம், குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சரசு முன்சீட்டுக்கு எதிரே, அந்த வெறும் மூடியின்மேல், ஒரு பிள்ளையாரை ஒட்டினாள். பசை காயும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். யோசித்துப் பாருங்கள். உள்ளே ஏர்பேக் இருந்திருந்தால், வெடிக்கும்போது அந்தப் பிள்ளையார் நேரே அவள் முகத்துக்குத்தான் வந்திருப்பார். ஏர்பேக் இருக்கும் இடத்தில் சாமியை ஒட்டக் கூடாது. ஒரு விதத்தில் அவளுக்கு நான் நல்லதுதான் செய்திருக்கிறேன்.

"அக்கா, நீங்க பின்னாடி ஏறிக்குங்க," என்றாள். "பின்னாடி உட்கார்ந்தா எனக்குத் தலை சுத்தும்."

"தெரியாதா சரசு. முன்சீட்டுன்னாலே நீதானே."

அந்த வண்டியில் நாங்கள் எவ்வளவு சந்தோஷமாகச் சுற்றினோம் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமையானால் கிளமெண்டிக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்வார்கள். நான் பின்னால் பெல்ட் போட்டுக்கொண்டு வடைப் பொட்டலத்தைப் பிரிப்பேன். முத்துராமன் நேரே பார்த்து ஓட்டுவார். சரசு சீட்டை நன்றாக முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு அவருக்கு வழி சொல்வாள், எனக்குப் பதில் சொல்வாள். பட்டுப் புடவை கட்டினால் பெல்ட் கசங்க வைக்கிறது என்று ஒரு கிளிப்பைப் போட்டுத் தளர்த்திக்கொள்வாள். இதையெல்லாம் நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

பூன் லேயில் உறவுக்காரர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குப் போனபோதும் பட்டுப் புடவைதான். என்ன பரிசு கொடுப்பது என்பதில் பேச்சு ஆரம்பித்தது.

"குத்துவிளக்குதான் மரியாதை," என்றேன்.

"யாருக்கா இப்போ குத்துவிளக்கு வைக்கிறா? ஏத்தினா ஸ்மோக் அலாரம் அடிக்கும்."

"உன் வீட்டுல அடிக்கும். நீ எண்ணெயை அப்படி ஊத்துவே."

முத்துராமன் சிரித்தார். அவர் சிரித்தது சரசுவுக்குப் பிடிக்கவில்லை. முன்னால் லாரி ஒன்று வேகம் குறைத்தது. பின்னால் இருந்த எனக்குத் தெரிந்தது.

"ஏன் சரசு, பதில் வரலையா?" என்றேன்.

அவள் முழு உடம்போடும் என் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள்.

முத்துராமனுக்கு ஏர்பேக் வெடித்தது. கழுத்தில் ஒரு சிராய்ப்பு. எனக்கு மடியெல்லாம் சட்டினி.

சரசு உயிரோடுதான் இருக்கிறாள், பயப்படாதீர்கள். அடி தலையில். நாம் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரிகிறது, பேச்சு மட்டும் வரவில்லை என்கிறார் டாக்டர். வலது கையும் தூக்க வரவில்லை, ஆகவே எழுதவும் முடியாது. பேச்சு திரும்புமா என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார். வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

முத்துராமன்தான் பாவம். "நான்தான் அண்ணி, பிரேக்கை லேட்டா போட்டுட்டேன்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மனசை விடாதீங்க தம்பி. யார் வேணும்னு செய்வாங்க?" என்றேன்.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ரசத்தை வடிகட்டிக் கொண்டுபோய்க் கரண்டியால் ஊட்டுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த ருக்ஸானா என்கிற நர்ஸ் பெண், "கூடப்பிறந்த அக்காகூட இப்படிப் பாக்க மாட்டாங்க ஆன்ட்டி," என்கிறாள். சரசு என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் நிறையப் பேசுகிறேன். பெருங்காயம், மூக்கு, குத்துவிளக்கு என்று பழைய சண்டை ஒவ்வொன்றையும் எடுத்து, ஒழுங்காக முடித்து வைக்கிறேன். முதல் வாரம் ரொம்ப நன்றாக இருந்தது.

நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூடியை, ஒயரை, ஒர்க்‌ஷாப்புக்கு நான் ஏன் விடவில்லை என்பதை, லாரியை நான் பார்த்ததை. அவள் கண் கொஞ்சம் பெரிதானது. ரசத்தைத் துடைத்துவிட்டேன்.

"அவர் காரியத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னியே சரசு, அக்கா கொஞ்சம் சீக்கிரம் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தா அத்தான் பொழைச்சிருப்பார்னு. நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். ஏன் தெரியுமா? நீ சொன்னது நெசம். அவர் ரூம்லேர்ந்து லீலா, லீலான்னு கூப்பிட்டது கேட்டுச்சு. அப்போ நான் போன்ல பேசிக்கிட்டிருந்தேன். யார்கூட? உன்கூடத்தான். நீ ஒண்ணு சொல்லிட்டே. அதுக்குப் பதில் சொல்லாம எப்படிப் போனை வைக்கிறது?"

சரசு முகத்தை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடைசி வார்த்தை என்னுடையது. இதற்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். மனசு லேசாக இருக்க வேண்டும், இருந்தது. கரண்டியைக் கழுவினேன். டப்பாவை மூடினேன். பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனேன். பையை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஏதாச்சும் சொல்லு சரசு. நீ ஒண்ணு சொன்னாத்தானேடி நான் ஒண்ணு சொல்ல முடியும்?"