மூன்று வருசக் கோல்கீப்பர்

— உதயா, நீர் பார்த்துச் சொல்லும். எனக்குப் பாக்க ஏலாது.

— பேர்கன்காரரோடை ஒண்டுக்கு ஒண்டு. விசிலும் ஊதிட்டான். இனிப் பெனால்டிதான்.

— கடவுளே! ஒஸ்லோவிலை, எங்கடை சொந்த மைதானத்திலை, பெண்கள் இறுதிப் போட்டி இப்பிடியோ போகவேணும்? லண்டன் பிள்ளை தனுசியா என்ன செய்யுறா?

— உங்கடை மூண்டு வருசக் கோல்கீப்பர் முழங்காலுக்கு ஐஸ் வைச்சுக்கொண்டு இருக்கிறா.

— ஐசோ? பாய ஏலாதெண்டால் பெனால்டியை எப்பிடிப் பிடிக்கிறது?

— அதை ஒப்பந்தம் போட முதல் கேட்டிருக்கவேணும். லண்டன் கழகம் ஏன் முப்பது தாண்டின உந்தப் பிள்ளையை விட்டது எண்டு ஒருக்கால் யோசிச்சனீங்களோ?

— ஒப்பந்தம் முடிஞ்சுது, விட்டவை. ஒரு கழகமும் இல்லாமல் நிண்ட பிள்ளை. நாங்கள் பிடிக்காட்டில் பாரிஸ் ஆக்கள் பிடிச்சிருப்பினம், விளங்குதோ? அமெரிக்காவிலை பேஸ்போல்காரருக்கு முப்பத்தஞ்சு வயசிலையும் அள்ளிக் குடுக்கிறாங்கள்தானே.

— அவங்களிட்டை இருக்கு, குடுக்கிறாங்கள். எங்கடை கழகத்திலை இருக்கிறது கொத்துரொட்டி வித்த காசு. விளையாடாட்டிலும் குடுப்பம் எண்டு ஆரப்பா எழுதினது?

— நான்தான். அப்பிடி எழுதாட்டில் வரமாட்டன் எண்டவ.

— நல்லாயிருக்கு.

— உமக்கு இன்னொண்டும் சொல்லேல்லை. கோவிக்கக்கூடாது.

— சொல்லுங்கோ.

— இந்த முறை கோப்பை வராட்டில் மிச்ச ரெண்டு வருசக் காசையும் நானே கட்டுறன் எண்டு கூட்டத்திலை சொல்லிப்போட்டன்.

— ஐயோ! பியோர்ண்டாலிலை வாங்கின வீட்டுக்கு இன்னும் லோன் கட்டுற ஆள் கதைக்கிற கதையோ இது?

— எங்கடை பொருளாளர் சிவகுரு எல்லாருக்கும் முன்னாலை அந்த ஒப்பந்தத்தைச் சொல்லிச் சிரிச்சான். எனக்கு ரோசம் வந்திட்டுது.

— எங்கடை மிதுனா சின்னனிலையிருந்து இந்தக் கழகத்துக்குத்தான் கோல் காத்தவள். பெத்த பிள்ளையின்ரை பேரை வெட்டேக்கை அந்த ரோசம் எங்கை போனது?

— அவள் கெட்டிக்காரி எண்டு எனக்குத் தெரியாதோ? தலைவர் தன்ரை மகளைப் போடுறார் எண்டு சனம் கதைக்குமெண்டு பயந்தனான். காசு குடுத்து வெளியிலையிருந்து கூப்பிட்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம், விளங்குதோ?

— எனக்கு விளங்குது. பிள்ளைக்கு விளங்கேல்லை. உங்களோடை கதைச்சு ஒரு மாசமாகுது.

— காலமை கூப்பிட்டனான், வா பிள்ளை, வந்து பார் எண்டு. நொஸ்க் பாசையிலை ஏதோ சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்திட்டாள். அவள் நிண்டிருந்தால் இந்தப் பயம் எனக்கு வந்திராது, உதயா. அவள் பெனால்டிக்குப் பாயிற பாய்ச்சல் ஒருத்தருக்கும் வராது.

— இப்பதான் தெரியுதோ?

— சும்மா குத்தாதையும். அங்கை என்ன, பேர்கன்காரர் ஆளை மாத்துகினம்?

— பெனால்டிக்கெண்டு கோல்கீப்பரை மாத்துகினம். இந்தச் சுற்றுப்போட்டி விதியிலை அப்பிடி மாத்தலாம்தானே.

— நல்லது! இவ்வளவு நேரமும் குளிருக்கை குந்தியிருந்த பிள்ளை, கை விறைச்சிருக்கும். எங்கடை ஆக்கள் அடிச்சுப்போடுவினம். ஆர் அது? ஜக்கெற்றைக் கழட்டுது... உதயா! அது எங்கடை மிதுனா!

— ஓம்.

— என்ன ஓம்? பதினேழு வயசுப் பிள்ளையைத் தாய் தேப்பன் சம்மதமில்லாமல் எப்பிடிச் சேர்த்தவை?

— நான் சம்மதிச்சனான்.

— நீரோ! அதுக்கு எவ்வளவு குடுக்கிறாங்கள்?

— ஒரு சதமும் இல்லையப்பா. அப்பாவின்ரை ஆக்கள் பெனால்டி அடிச்சால் என்னை இறக்குங்கோ எண்டு மட்டும்தான் அவள் கேட்டவள்.