புதன்கிழமை மக்ரோனி

மக்ரோனிக்குத் தண்ணீர் தாராளமாக வைக்கவேண்டும், அய்யா. கஞ்சத்தனமாக அரைப் பானை வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பசையாகிவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டு, அதற்குப் பிறகுதான் மக்ரோனியைக் கொட்டவேண்டும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு என்ன என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். முதலிலிருந்து முறையாகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஏட்டய்யா மட்டும் பேனாவால் மேசையைத் தட்டாமல் இருந்தால் நல்லது. நாலு மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு என் மண்டைக்குள் ஆணி இறங்கியிருக்கிறது.

என் பேர் மதலேனாள். வயது நாற்பத்தொன்பது. ஒதியம்பட்டில் சர்ச்சுக்குப் போகிற வழியில் நாட்டு ஓடு போட்ட வீடு. எங்கள் அப்பா கட்டியது. அண்ணன் பிலவேந்திரன் பதினெட்டு வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய்விட்டார். சைகோனில் இருந்தார், பிறகு அல்ஜீரியாவில் இருந்தார். அப்பாவையும் அம்மாவையும் படுக்கையில் பார்த்து அடக்கம் செய்தது நான். ஆனால் வீடு ஆண்பிள்ளை பேரில்தானே இருக்கும். ஐம்பத்தொன்பதாம் வருஷம் அண்ணன் பென்ஷனோடு திரும்பி வந்து கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஊரில் எல்லோரும் அவரை சொல்தா, பட்டாளத்துக்காரர், என்று கூப்பிட்டார்கள். நானும் பெருமைப்பட்டேன், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

வந்த வாரமே எனக்கு மக்ரோனி செய்யக் கற்றுக்கொடுத்தார். பட்டாளத்துச் சமையல்கட்டில் கோர்ஸ் தீவுக்காரன் ஒருவனிடம் பார்த்துப் பழகியதாம். பூண்டை நசுக்கக்கூடாது, சீவல் மாதிரி மெல்லிசாக அரியவேண்டும். வெண்ணெயில் போட்டு வாசனை வந்ததும் உடனே பாலாடையை ஊற்றவேண்டும். சிவக்க விட்டால் கசந்துபோகும். மக்ரோனி வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து அதில் கலந்தால் குழம்பு திரியாமல் வழவழப்பாக நிற்கும். மேலே மிளகுத்தூள். அடுப்பு மூட்டினதிலிருந்து இருபது நிமிஷம். வேலை நாளில் அவசரத்துக்கு இதைவிடச் சுலபமான சாப்பாடு கிடையாது. தப்பாகச் செய்தால் கரண்டியால் என் விரல் முட்டியில் தட்டுவார். ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் புதன்கிழமைதோறும் அதுதான். பாலுக்குப் பக்கத்து வீட்டுத் தையலம்மாள். செவ்வாய்க்கிழமைப் பாலைச் சுண்டக் காய்ச்சி ஆடையை எடுத்து வைப்பேன். மக்ரோனி பாக்கெட் டவுனிலிருந்து வரும்.

கரிக்கலாம்பாக்கத்து மரியதாஸ் என்னைக் கேட்டு வந்தது அறுபத்திரண்டில். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை, ஒரு காணி நிலம். அண்ணன் அவரை உட்காரவைத்து காப்பி கொடுத்து, "இவ போயிட்டா எனக்கு யாரு ஆக்கிப் போடறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மரியதாஸும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு எழுந்து போனார். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அப்படி வைத்திருந்தால் அப்போதே ஏதாவது செய்திருப்பேன் அல்லவா? அதற்காக இல்லை.

வீட்டுக்காகத்தான். போன சித்திரையில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், பிரான்சில் துலோனில் இருக்கிற பட்டாளத்துச் சிநேகிதரோடு போய் இருந்துவிடப் போகிறேன் என்று. வீட்டைச் சுப்பராயலு கேட்டிருக்கிறார், அவருடைய கரும்புக் கொல்லை எங்கள் பின்சுவரைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. நான் எங்கே போவது என்று கேட்டேன். "கன்னியாஸ்திரி மடத்துல நாப்பது பேருக்கு ஆக்கறதுக்கு ஆளு தேடறாங்க. ஒனக்கு இன்னா, தெரிஞ்ச வேலதானே" என்றார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். போட்டேன். மறு வாரம் திங்கட்கிழமை பத்திரம் எழுதுகிற நொத்தேர் ஆபீசில் கையெழுத்து என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தவர் சரிந்து விழுந்தார். வலது கை, வலது கால், வாய், மூன்றும் போய்விட்டன.

நான் அழுதேன், அய்யா. ஊரே பார்த்தது. அது வேஷம் இல்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். டாக்டர் எனக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். விழுங்குகிற சதை வேலை செய்யவில்லை, கூழ் பதத்தில் குழைந்த கஞ்சி மட்டும்தான், கெட்டியாக ஒரு பருக்கை போனாலும் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும், தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்டவேண்டும். தன் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று நான் சொல்லவில்லை, அந்த இடத்தை அடித்துவிடுங்கள்.

கூடத்தில் இரும்புக் கட்டிலைப் போட்டேன். படுத்தபடியே அவருக்குச் சமையல்கட்டு தெரியும். இடது கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து வைத்தேன், வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டுவதற்கு. அது நான் செய்த பைத்தியக்காரத்தனம். தண்ணீருக்கு டங். திரும்பிப் படுக்க டங். ஒன்றுமில்லாமலும் டங். உட்காரலாம் என்று முதுகைச் சாய்த்தால் டங். அந்த நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இப்போதுகூட நிற்கத்தான் தோன்றுகிறது.

ஆனாலும் அந்த நாலு மாதம் நன்றாக இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன். அண்ணனுக்குக் கருவாட்டு நாற்றம் ஆகாது என்று பதினாறு வருஷம் எங்கள் வீட்டில் கருவாடு ஏறவில்லை. ஏற்றினேன். அடுப்பை ஜன்னல் பக்கம் மாற்றினேன். கூடத்தில் இருந்த நாற்காலியை எடுத்துத் தாழ்வாரத்தில் போட்டேன். அவர் கண் என்னோடேயே வரும், வாயால் ஒன்றும் சொல்ல முடியாது. அவருக்குப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டேன். தினம் துடைத்து, பவுடர் போட்டு, துணி மாற்றி. டாக்டரே மெச்சினார். கைராசி என்று சொன்னார். அந்தக் கைராசிதான் வினையாகப் போயிற்று. அவர் தேறிக்கொண்டு வந்தார்.

ஆவணிக் கடைசியில் 'ம' என்றார். பிறகு "மதே" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தையலம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து முக்காட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து, கல்லை உருட்டுகிறமாதிரி ஒவ்வோர் எழுத்தாக, "சுப்... ப... ராயலு" என்றார். வாயில் எச்சில் வழிய, இடது கையால் வாசலைக் காட்டி, கூப்பிடு என்கிறார். நாலு மாதம் ராப்பகலாகப் பீ மூத்திரம் அள்ளியவளை வைத்துக்கொண்டு அவர் முழுதாகச் சொன்ன முதல் பேர் அது.

நான் கூப்பிடவில்லை. ஆனால் கேள்விப்பட்டு, திங்கட்கிழமை சாயங்காலம் சுப்பராயலு தானாகவே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "சொல்தாவே, நீங்க வாயத் தெறந்து சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நொத்தேரயே வூட்டுக்கு இட்டாந்துடறேன்" என்றார். அண்ணன் கரண்டியால் கம்பியில் தட்டினார், டங் டங் என்று, சந்தோஷமாக. அன்று காலையில்தான் டாக்டர் வந்து பார்த்து, கண்டம் தாண்டிவிட்டது, இன்னும் பதினைந்து நாளில் பேச்சு வந்துவிடும், கஞ்சியை மட்டும் இப்போதைக்கு மாற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பதினைந்து நாள். அதற்குப் பிறகு நான் மடத்தில் நாற்பது பேருக்குக் கஞ்சி காய்ச்சவேண்டும், ஒரு தகரப் பெட்டியும் பாயும் வைத்துக்கொண்டு. நான் பிறந்த அறையில் சுப்பராயலு கரும்புச் சோகை அடுக்குவார். திங்கட்கிழமை ராத்திரி முழுக்க நடந்தேன். வாசலுக்கும் கிணற்றுக்கும், கிணற்றுக்கும் வாசலுக்கும்.

செவ்வாய்க்கிழமை பாலைச் சுண்டக் காய்ச்சினேன். அப்படியே அவருடைய பட்டாளத்துக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டேன், அந்துருண்டை வாசனை போகட்டும் என்று.

இப்போது நீங்கள் கேட்ட அந்த விஷயம். அண்ணன் சாவை ஊரே விபத்து என்றுதான் நம்பியது. பிரேதத்தைப் பார்த்த டாக்டரும் அப்படித்தான் எழுதினார். சாவு வீட்டில் தையலம்மாள்தான் வெள்ளந்தியாகக் கேட்டாள்: "ஏம்மா, சாய்ங்காலம் திடீர்னு பூட்டாரு, சரி. காலையிலயே சாமியாரு வந்து எண்ணெ பூசிட்டுப் போனாரே, அது இன்னாத்துக்கு?" அவள் இந்து, அவளுக்கு எங்கள் வழக்கம் பாதிதான் தெரியும். எங்களில் சாகக் கிடப்பவர்களுக்குத்தான் சர்ச்சிலிருந்து சாமியாரைக் கூட்டிவருவோம், பாவசங்கீர்த்தனம் கேட்டு, நன்மை அப்பம் கொடுத்து, அவஸ்தை எண்ணெய் பூசுவார். எங்கள் ஆட்கள் பத்துப் பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கும் உறைக்காதது அவளுக்கு உறைத்தது. அவள் கேட்டதும் அத்தனை பேரும் ஜெபமாலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஆமாம், புதன்கிழமை காலையில் நானே போய்ச் சாமியாரைக் கூட்டிவந்தேன். "நல்லாத்தானே தேறிட்டு வர்றார், மதலேனாள். இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டார். "பூசினா சீக்கிரம் குணமாகும்னு சொல்றாங்களே சாமி" என்றேன். அவர் நல்ல மனிதர், பூசினார். அண்ணனுடைய நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பளபளவென்று இருந்தது. அதைப் பூசாமல் விட்டிருந்தால் இன்றைக்கு நான் உங்கள் முன்னால் நிற்கமாட்டேன், எனக்கு அது தெரியும். ஆனால் சொந்த அண்ணனை எண்ணெய் இல்லாமல் எப்படி அனுப்புவது? பாவத்தோடு போய் அவர் நரகத்தில் வேக, நான் இங்கே நிம்மதியாகக் கருவாடு சுடுவதா? அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை நான்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவே வில்லியனூருக்குச் சகாய மாதா நவநாள் ஜெபத்துக்குப் போயிற்று. தையலம்மாள் மாடு கறக்கப் போனாள். நான் அடுப்பை மூட்டினேன். பூண்டு பத்துப் பல். அரிந்து வெண்ணெயில் போட்டதும் கட்டிலிலிருந்து அவர் தலையைத் தூக்கினார். நாலு மாதம் கழித்து அந்த வாசனை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. மசித்துக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். மசித்தால் அது மக்ரோனியா? பல்லில் பட வேண்டும் என்பார், கொஞ்சம் விறைப்பாக. அன்றைக்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே இறக்கினேன். அவ்வளவு பதமாக நான் ஒருநாளும் செய்ததில்லை. பாலாடை பட்டுமாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது.

தலையணையை எடுத்துவிட்டு மல்லாக்கப் படுக்கவைத்தேன். முதல் கரண்டி இறங்கிவிட்டது, எப்படியோ. இரண்டாவதில் இருமினார். முகம் சிவந்தது. துடைத்துவிட்டேன். மூன்றாவதை வைத்தபோது இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல பலம் வந்திருந்தது அந்தக் கையில், நான் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த பலம்தான். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையைப் போர்வைக்குள் வைத்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினேன். குழந்தைக்குச் செருகுகிறமாதிரி. அவர் தட்டுகிற கரண்டி கீழே விழுந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. வீடு அமைதியாக இருந்தது.

நவநாள் முடிந்து வந்தவர்களிடம், ஆசையாகக் கேட்டார், அதனால் கொடுத்தேன் என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை. அவர் கண்ணால் கேட்டார்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், வேண்டாம் என்று அவர் ஏதாவது சைகை காட்டினாரா என்று. சைகை இல்லை, அய்யா. வாயால் சொன்னார். மூன்றாவது கரண்டிக்கும் நாலாவதுக்கும் நடுவில், என் முகத்தை நேராகப் பார்த்து, "போதும் மதலேனா" என்றார். ஓர் எழுத்து பிசகவில்லை. திக்கவில்லை, எச்சில் வழியவில்லை, பழைய குரலேதான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவ்வளவு சுத்தமாகப் பேச்சு வந்துவிட்டது என்றால் நாளைக் காலையில் சுப்பராயலு வந்து நின்றதும் சரி என்று சொல்லிவிடுவார். அதனால்தான் நாலாவது கரண்டியை நிறைய அள்ளினேன்.