இங்கிலீஷ் பேப்பரில் பல்லவி

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், ப்ளஸ் டூ இங்கிலீஷ் பரீட்சை எழுதிவிட்டு வந்த இரண்டு பெண்கள். ஜன்னலோரத்துப் பெண் சாவகாசமாகச் சொன்னாள்:

"பல்லவியை மட்டும் ரெண்டு தடவை எழுதிட்டேன்டி."

"இங்கிலீஷ் பேப்பர்ல ஏதுடி பல்லவி?"

"மனப்பாடப் பாட்டு கேட்டிருந்தானே, வெள்ளைக்காரன் நிலாவைப் பாத்து உருகுவானே, அதுதான். சும்மா படிச்சா மண்டையில ஏறல. சினிமா டூயட் மெட்டுல போட்டேன், ஒரே நாள்ல வந்துடுச்சு."

"முழுசுமா?"

"கடைசி நாலு வரி மெட்டுல உக்காரல. விட்டுட்டேன்."

"நடுவுல எழுதாம சும்மா உக்காந்திருந்தியே?"

"அது மியூசிக் வர்ற எடம்டி. முடிஞ்சாதானே சரணம்."

மற்றவள் தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டே அவள் காதருகே குனிந்தாள்.

"நான் உன் பேப்பரைப் பாத்துதானேடி எழுதினேன்."

"பல்லவியுமா?"

"ரெண்டு தடவையும்."