கடிதம் வந்த பிறகு

பன்வில பஸ் கண்டியிலிருந்து புறப்பட்டதும், என் முன் ஆசனத்தில் இருந்தவர் பக்கத்தில் இருந்த மகளிடம் சொன்னார்:

“மாத்தல் கெடைக்கலன்னு அம்மாகிட்ட சொல்லிரு.”

மகள் கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறாள் என்பதும், கண்டிப் பக்கத்துக் கெம்பஸுக்கு மாறிவரக் கேட்டிருந்தாள் என்பதும் பேச்சிலேயே விளங்கியது. அனுமதிக் கடிதம் அவள் மடியில் இருந்தது.

“கெடைச்சிருச்சேப்பா.”

“தெரியும். அங்க ஹொஸ்டல்ல ஒனக்குன்னு ஒரு மேசை இருக்கு. இங்க வந்தா வீட்டுலருந்துதான் போய்வரணும்; தோட்டத்து லயத்துல ரெண்டு ரூம்ல ஆறு பேரு. எங்க ஒக்காந்து படிப்ப?”

“ஒங்களயெல்லாம் பாக்காம இருக்க முடியலப்பா.”

“எனக்கு மட்டும் முடியுதா? ஆனா அம்மாவுக்குத் தெரிஞ்சா ஒன்ன திரும்பிப் போக விடமாட்டா.”

மகள் கடிதத்தை உறைக்குள் போட்டாள்.

“அம்மாவும் நேத்து போன்ல இதத்தான் சொன்னாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா விடமாட்டாரு, கெடைக்கலன்னு சொல்லிருன்னு.”

வத்தேகம தாண்டியதும் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

“ஞாயித்துக்கெழம கிளிநொச்சி பஸ்ஸுக்கு, நானும் அம்மாவும் சேந்தே வந்து ஏத்திவிடுறோம்,” என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “சரிப்பா,” என்றாள்.