ஒரு நாக்கு, ஒன்பது சூப்

— பஸ் ஸ்டாண்ட் மாடிக் கடை மீன் வறுவலைப் பத்தி நான் என்ன எழுதினேன்? கடைசி வரி மறந்து போச்சு.

— "மீன் மொறுமொறுவென்று இருந்தது. பரிமாறியவரின் முகமும் அவ்வாறே." அந்த ஆளு இன்னும் என்னைத் தெருவுல பாத்தா தலையைத் திருப்பிக்கிறாருங்க.

— அதாவது, உண்மையைத்தானே எழுதினேன்?

— முகம் உண்மை, அது உங்க கண்ணு பாத்தது. மீன் என் கால் சொன்னது.

— மெதுவாப் பேசு. சர்வர் தம்பி காதுல விழுந்துடப் போகுது.

— விழட்டுமே. நம்மளையும் அந்தத் தம்பியையும் விட்டா இங்க ஈ, காக்கா இல்ல. கூட்டமா இருக்கிற கடைக்குப் போலாம்னு தலையில அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?

— கூட்டத்துக்கு நடுவுல ஒத்திகை பாக்க முடியுமா? நாளைக்கு இந்நேரம் நான் மேடையில இருப்பேன். ஒன்பது கடை, ஒன்பது கிண்ணம் சூப். எதிர்ல ஓட்டல்காரங்க சங்கம் மொத்தமும் உக்காந்திருக்கும். எது நல்ல சூப்புன்னு நான் சொல்லணும். பக்கத்துல நீ கிடையாது. மேஜைக்கு அடியில என் காலை மிதிக்க ஒரு ஆள் கிடையாது.

— நாற்காலியில சாஞ்சு உக்காந்து கண்ணை மூடி, "ஆஹா"ன்னு சொல்லுங்க. ஜனங்க அதுக்கே கைதட்டும்.

— ஒன்பதுக்கும் ஆஹாவா? யாருக்குப் பரிசு குடுக்கிறது?

— குண்டா இருக்கிற சமையல்காரருக்குக் குடுங்க. தப்பு வராது.

— உனக்கு எல்லாமே விளையாட்டு.

— சார், சூப் சார். ரெண்டு. சூடா இருக்கு, பாத்து சார். சார், நீங்க அந்த நாக்கு சார்தானே? வாராவாரம் பேப்பர்ல சாப்பாட்டைப் பத்தி எழுதுவீங்களே!

— ஆமா தம்பி. அதாவது, ஏதோ கொஞ்சம்.

— ஐயோ சார், எங்க முதலாளிக்குத் தெரிஞ்சா ஓடி வருவாரு சார். கூப்பிடவா சார்?

— வேணாம்பா. தம்பி, இங்க வா. இந்த சூப்பை நீ குடிச்சுப் பாத்தியா?

— நாங்க குடிக்கக் கூடாதும்மா. முதலாளி திட்டுவாரு.

— அவருக்கு யாரு சொல்லப் போறா? இந்தா, என் கிண்ணத்துல இருந்து ரெண்டு ஸ்பூன் எடுத்துக் குடி. நான் பாக்கிறேன்.

— ஏய், அந்தத் தம்பி வேலைக்கு உலை வைக்காத. நீ போப்பா.

— சரி சார். உப்பு, மிளகு எல்லாம் அந்தத் தட்டுல இருக்கு சார்.

— உனக்கு என்ன ஆச்சு இன்னிக்கு? சர்வரையா குடிக்கச் சொல்லுவாங்க?

— பாவம், பசியா இருந்தான். கன்னம் ஒட்டிப் போயிருக்கு பாருங்க.

— சரி, நீ குடி. குடிச்சுட்டு எனக்குப் பாடம் எடு.

— சூடா இருக்கு.

— அது எனக்கே தெரியும். நாக்குச் செத்துப்போனாலும் சுடத்தான் செய்யும்.

— தண்ணியா இருக்கு.

— அது கண்ணுக்கே தெரியுது. ருசியைச் சொல்லு.

— ருசி இருக்குங்க.

— இருக்குன்னா? அதாவது, உப்பு நாக்கு நுனியில தெரியுமா, ஓரத்துலயா? தொட்ட உடனே தெரியுமா, முழுங்கினப்புறமா? ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையாச் சொல்லு. நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்.

— ஒரு குமாஸ்தாவுக்குக் கழுத்தை நீட்டினா இப்படித்தான். சூப்பைக்கூட ஃபைல் போட்டு வைக்கணும்!

— சிரிக்காத. என் மானம் போற விஷயம்.

— சரி, சரி. எனக்கு இன்னிக்கு வாய் என்னமோ மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம்.

— அந்த இருட்டுக் கடையிலயும் இதையேதான் சொன்ன. மேஜைக்கு ஒரு மெழுகுவத்தி வச்சிருந்தானே, அங்க. நானும் மிதிப்ப மிதிப்பன்னு காலை நீட்டிக்கிட்டே இருந்தேன். கடைசியில நாற்காலி மெத்தையைப் பத்தி அரைப் பக்கம் எழுதி ஒப்பேத்தினேன்.

— அந்த இருட்டுல என்னத்தைச் சொல்றது? எதிர்ல இருக்கிற ஆளே தெரியல.

— ருசிக்கு எதுக்கு வெளிச்சம்? அது போகட்டும், கோர்ட்டுக்கு எதிர்ல இருக்கிற கடை? கோழி அமிர்தம்னு சொன்ன. எழுதினேன். அடுத்த நாள் நாலு வக்கீலுங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. "நாக்கா சார் அது, செருப்பு அட்டையா?"ன்னு கேட்டாங்க.

— அன்னிக்கு ஏமாந்துட்டேங்க. பக்கத்து மேஜையில புதுசாக் கல்யாணம் ஆனதுங்க ரெண்டு உக்காந்து ஊட்டி விட்டுக்கிட்டு ஒரே சிரிப்பு. அதைப் பாத்ததுல எனக்குப் புத்தி தடுமாறிப் போச்சு.

— நீ கோழியைப் பாக்காம ஜோடியைப் பாத்திருக்க. நான் வக்கீலுக்குப் பதில் சொன்னேன்.

— ரயிலடிக் கடை சரியா வரலையா? "குழம்பில் உப்பு இரண்டாம் முறையாகவும் போடப்பட்டிருக்கிறது"ன்னு எழுதினீங்களே. அடுத்த வாரமே சமையல்காரர் வந்து, "ஐயா, ரெண்டு தரம் போட்டது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னு காலைத் தொடாத குறையாக் கேட்டாரே?

— கேட்டாரு. அன்னிக்கு நான் அரையடி வளந்தேன். உனக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருஷம் ஒரே மேஜை. "மூணாம் நாற்காலி"ம்பாங்க என்னை. வேற பேரே கிடையாது. இந்த நாக்கு வந்தப்புறம்தான் மனுஷன் எழுந்து நின்னு வணக்கம் சொல்றான்.

— தெரியும். தெரியாமயா காய்ச்சல் விட்ட கையோட உங்களை ஓட்டலுக்கு இழுத்துட்டுப் போனேன்?

— நாசமாப் போன காய்ச்சல். ரெண்டு பேரும்தான் சுருண்டு படுத்தோம். நீ மூணாம் நாளே எழுந்து தையல் மெஷின்ல உக்காந்துட்ட. நான் எழுந்தா, காபிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியல.

— பேப்பர் ஆபீசுக்குப் போயி, இனிமே எழுத மாட்டேன்னு சொல்லக் கிளம்பினீங்க. சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்ன கோலம் இருக்கே, பாக்க சகிக்கல.

— நீதான் கையைப் பிடிச்ச. "வாங்க, உங்க நாக்கு எங்கயும் போகல, என் வாயில இருக்கு"ன்ன. உப்பு கம்மின்னா ஒரு மிதி, காரம் தூக்கல்னா ரெண்டு மிதின்னு நீதான் கணக்குப் போட்ட. நாலு வருஷம் ஓடிப்போச்சு.

— ஓட்டிட்டோம். அதனாலதான் சொல்றேன், நாளைக்கு வயித்து வலின்னு படுத்துடுங்க. நான் போயிச் சங்கத்துச் செயலாளர்கிட்ட மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுச் சொல்லிட்டு வரேன்.

— போன வருஷம் கேக் போட்டிக்கு வயித்து வலி. அதுக்கு முந்தின வருஷம் மாமா செத்துட்டாரு.

— இன்னொரு மாமா இல்லாமயா போயிட்டாரு?

— போதும். நான் முடிவு பண்ணிட்டேன்.

— என்ன முடிவு? எதுக்குப் போனை எடுக்கிறீங்க?

— பயந்து பயந்து சாப்பிட்டு எனக்கு அலுத்துப் போச்சு. உழைச்சது உன் நாக்கு, வணக்கம் வாங்கினது நான். அதாவது, இது நியாயம் இல்ல.

— நியாயமா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? போனை வைங்க. சூப் ஆறிப்போகுது.

— ஹலோ, செயலாளரா? வணக்கம் சார், நான்தான். ஒரு சின்ன விஷயம். அதாவது, பெரிய விஷயம்.

— என்னங்க! வேணாங்க!

— நாலு வருஷமா எனக்கு ருசியே தெரியாது சார். ஆமா சார், சுத்தமா. உப்பும் தெரியாது, சர்க்கரையும் தெரியாது. எழுதினது மட்டும்தான் நான். ருசி பாத்துச் சொன்னது எல்லாம் என் வீட்டுக்காரி. இதோ, எதிர்லதான் இருக்கா.

— ஐயோ, கடங்காரா! வைங்கன்னு சொல்றேன்ல!

— அவ கொஞ்சம் கூச்சப்படுறா சார். நாளைக்கு அவளை உக்கார வைங்க. ஒன்பதென்ன, தொண்ணூறு சூப் குடுத்தாலும் பிரிச்சு மேஞ்சுடுவா. அப்படியா? ரொம்ப சந்தோஷம் சார். சரி சார். வச்சிடறேன்.

— என்ன சொன்னாரு?

— திட்டுவாருன்னு நினைச்சேன். மனுஷன் குதிக்கிறாரு! "சார், இதை முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் பெரிய மண்டபமாப் பிடிச்சிருப்பேனே"ங்கிறாரு. நோட்டீஸ்ல உன் படம் போடப் போறாங்களாம். பேப்பர்காரங்களையும் கூப்பிடப் போறாராம். எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு மூட்டையை இறக்கி வச்ச மாதிரி இருக்கு.

— எங்க இறக்கி வச்சிருக்கீங்கன்னு பாத்தீங்களா?

— என்னடி, கண்ணு கலங்குது? சந்தோஷமா?

— ஆமா, சந்தோஷம். வழியுது பாருங்க.

— உனக்குத் தகும். நாளைக்கு அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்க. நான் முதல் வரிசையில உக்காந்து கைதட்டுவேன். தைரியமா இரு. உனக்கு இது ஜுஜுபி.

— மறுபடியும் போன் போடுங்க.

— எதுக்கு? ஒத்துக்க மாட்டேன்னா? அதெல்லாம் முடியாது. சொன்னது சொன்னதுதான்.

— ஒத்துக்கிறேன். மேடையில என் மேஜைக்கு எதிர்ல இன்னொரு மேஜை போடச் சொல்லுங்க. நல்ல வெளிச்சமா இருக்கணும்.

— அது யாருக்கு?

— நல்லா பசியோட வந்த நாலு பேருக்கு. எனக்கு ஊத்துற சூப்பையே அவங்களுக்கும் ஊத்தணும். எனக்கு முன்னாடி அவங்க குடிக்கணும்.

— நடுவர் நீ. அவங்க எதுக்கு?

— அவங்க முகத்தை நான் பாக்கணும்.

— முகத்தைப் பாத்து என்னடி பண்ணப் போற?

— நாலு வருஷமா எப்படி ருசி சொன்னேனோ, அப்படித்தான் சொல்லப் போறேன். அந்தக் காய்ச்சல்ல நாக்குச் செத்தது உங்களுக்கு மட்டும்னு யாருங்க சொன்னா?